குசினியின் பெயர்

காப்பி வந்துவிட்டது, பெயர் வரவில்லை. ஞானாதிக்கம் சாமி டம்ளரை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்த்து, “வாய்யா” என்றார். அதற்குமேல் சொல்ல வாயில் ஒன்றும் இல்லை. ஆளைத் தெரியாமல் இல்லை. நரைத்த தலை, இடது புருவத்தை ஒட்டி எண்ணெய் தெறித்த பழைய தழும்பு, தோளில் ஈரத்துண்டு, படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிற கை, எல்லாம் தெரிந்தது. சாமியார் படிப்புக்குப் பையன்கள் வருகிற குருமடத்தில் லத்தீன் வாத்தியாராக இருந்த காலம் முதல் தனக்குச் சோறு போட்டவர். தான் ஓய்வுபெற்று, சிறுமலை அடிவாரத்தில் வயதான குருக்களுக்கான இந்த இல்லத்துக்கு வந்தபோது கூடவே வந்தவர். இன்று மத்தியானச் சாப்பாட்டோடு வேலையை முடித்துக்கொண்டு திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறவர். இவ்வளவும் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. கண் விழித்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். மற்ற நாளாக இருந்தால் போகிறது என்று விட்டுவிடலாம், ‘ஏப்பா’, ‘என்னய்யா’ என்று ஓட்டிவிடலாம், கொஞ்ச மாதமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோமோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருந்தது. ஆனால் இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று இவருக்கு நன்றி சொல்ல வேண்டியவர் ஞானாதிக்கம்தான். “ரொம்ப நாளா அவரை உங்களுக்குத்தானே ஃபாதர் தெரியும், நீங்களே ரெண்டு வார்த்தை பேசிருங்க” என்று இல்லத்தின் நிர்வாகி ஆல்வின், சின்ன வயசுச் சாமியார், நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தான். ரெண்டு வார்த்தையில் ஒரு வார்த்தை பெயராகத்தான் இருக்கவேண்டும்.

ஒரு வாய் குடித்தார். டிகாஷன் திடமாக இறங்கியிருந்தது. டிகாஷன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். தெகோக்சியோ, சுண்டக் காய்ச்சியது. அதற்குள்ளே உட்கார்ந்திருப்பது கோக்வெரே, சமைப்பது. சமைக்கிறவன் கோக்வுஸ். குருமடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின வகுப்பு எப்போதும் லத்தீன்தான், யாரோ புண்ணியவான் அப்படி அட்டவணை போட்டிருந்தான். பசியில் கிடக்கிற பையன்களுக்கு வேற்றுமை உருபு ஏறவேண்டுமென்றால் வயிற்று வழியாகத்தான் ஏறும் என்று அவர் கோக்வுஸை வைத்தே ஆரம்பிப்பார். சமையல்காரன், சமையல்காரனை, சமையல்காரனுக்கு, ஓ சமையல்காரனே. பிறகு அந்த ஆளைக் கப்பல் ஏற்றி அனுப்புவார். இத்தாலியில் போய் இறங்கினான், குவோகோ ஆனான். ஜெர்மன்காரனிடம் கோஹ், ஒல்லாந்துக்காரனிடம் கோக், வெள்ளைக்காரனிடம் குக். ஒல்லாந்துக்காரன் அவனை இலங்கைக்குக் கூட்டிப்போக, யாழ்ப்பாணத்தில் கோக்கி. பிரெஞ்சுக்காரன் அடுப்படியோடு சேர்த்துப் பிடித்துக் குய்சினியே ஆக்கினான். போர்த்துக்கீசியன் தன் அடுப்படியை, கொஸீஞாவை, நம் கடற்கரையில் இறக்கிவைத்துவிட்டுப் போக, நாம் அதைக் குசினி என்று எடுத்து வைத்துக்கொண்டோம், சாமியார் குடியிருக்கும் கோயில் வீடுகளில் இன்னும் வைத்திருக்கிறோம். டீயில் நனைக்கிற பிஸ்கோத்து இருக்கிறதே, அது ரெண்டு தடவை வெந்தது என்று அர்த்தம், அதிலும் இவன்தான். நம்முடைய பக்குவம் சமஸ்கிருதம் வழியாக வந்த இவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. கிரேக்கத்தில் இவனுக்கு மாகெய்ரோஸ் என்று பெயர், ஆட்டைப் பலி கொடுக்கிறவனும் அவனே, அறுக்கிறவனும் அவனே, ஆக்கிப்போடுகிறவனும் அவனே, பூசை வைக்கிறவனும் சோறு பொங்குகிறவனும் ஒரே ஆள். தெலுங்கில் வண்டவாடு, மலையாளத்தில் வெப்புக்காரன், இந்துஸ்தானியில் பாவர்ச்சி. தமிழில் பரிசாரகர் உண்டு, சுயம்பாகி உண்டு, தெற்கே தவசிப்பிள்ளை உண்டு. பழைய தமிழில் மடையன் என்றே ஒரு பெயர் இருந்தது, இன்றைக்கு அதைச் சொல்லிக் கூப்பிட்டால் கரண்டியாலேயே அடி விழும். இத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். காப்பி கொண்டுவந்த ஆள் மட்டும் யார் பெயரும் இல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். ஞானாதிக்கத்துக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. ஊர் உலகத்துச் சமையல்காரனையெல்லாம் கட்டி மேய்க்கத் தெரிகிறது, சொந்தக் குசினிக்குள் ஆளைத் தெரியவில்லை.

காலைப் பலகாரத்தின்போது பக்கத்து நாற்காலி மதலைமுத்து சாமியை மெல்லப் பிடித்துப் பார்த்தார். மதலைமுத்து எல்லாவற்றையும் கேலி பண்ணுகிறவர், மருந்து மாத்திரையைக்கூட நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் விழுங்குவார். எதிரே உபகாரம் சாமி, இல்லத்திலேயே மூத்தவர், இட்லிக்கும் சட்னிக்கும் நடுவில் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். “மத்தியானம் முழுப் பேரும் சொல்லி நன்றி சொல்லணும்ல, அதான் மரியாதை. நம்ம குசினிக்கு முழுப் பேரு என்னய்யா?” என்று ஞானாதிக்கம் சட்னியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அரைப் பேரே குசினிதான், முழுப் பேருக்கு எங்கய்யா போறது?” என்றார் மதலைமுத்து. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஞானாதிக்கமும் சிரித்தார், சிரித்துத்தான் ஆகவேண்டும். இங்கே வேறு யாரும் அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குசினியைக் கூப்பிடு, குசினிகிட்டச் சொல்லு, குசினி இன்னைக்கு லீவா. அடுப்படியின் பெயரையே ஆளுக்கும் வைத்துவிட்டார்கள். ஆல்வின் அண்ணன் என்பான், தன்னைவிட மூத்த யாரையும் அவன் அண்ணன் என்பான், காய்கறி வேன்காரனும் அண்ணன்தான். ஆல்வினிடம் கேட்கலாம். ஆனால் ஆல்வினிடம் கேட்க முடியாது.

போன மாதம் ஒரு பூசையில், திருத்தந்தை பெயரையும் ஆயர் பெயரையும் சொல்லி வேண்டுகிற இடம் வந்தபோது, ஞானாதிக்கம் தடங்கல் இல்லாமல், நல்ல கணீரென்ற குரலில், எப்போதோ செத்துப்போன ஆயரின் பெயரைச் சொன்னார். உயிரோடிருப்பவர்களுக்கான இடத்தில் வைத்து அவரை வாழ்த்திவிட்டு மேலே போய்விட்டார். தப்பு என்று அவருக்கே தெரியவில்லை, பூசை முடிந்து திருவுடையைக் கழற்றும்போது ஆல்வின் முகம் ஒரு மாதிரியாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. பையன் நல்லவன், சத்தம் போடவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிஸ்டர்மார் நடத்துகிற ஒரு இல்லம் இருக்கிறது, மறதி உள்ளவர்களை அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அவசரம் ஒன்றும் இல்லை, இன்னும் ஒரு தடவை இப்படி ஏதாவது வந்தால் யோசிப்போம் என்று சொன்னான். இன்னும் ஒரு தடவை. அதிலிருந்து ஞானாதிக்கம் ஜாக்கிரதையாகிவிட்டார். ஜாக்கிரதையாக இருக்க இருக்க எல்லாச் சொல்லையும் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இந்த அறை, இந்தச் சன்னல், சன்னலுக்கு வெளியே நெல்லி மரம், மரத்தின் பெயர் நெல்லி, சரி. மலையின் பெயர் சிறுமலை, சரி. அவருக்கு இந்த இடம் பிடித்திருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால் இந்த இடத்தில்தான் சாகவேண்டும் என்று ஆசையாக இருந்தது. தெரியாத ஊரில், தெரியாத கட்டிலில், கன்னத்தைத் தட்டி ‘குட் மார்னிங் ஃபாதர், நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேட்கிறவர்கள் நடுவில் போய்க் கிடக்க பயமாக இருந்தது.

வெயில் வராந்தாவுக்கு ஏறிவிட்டது. சாய்வு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்போஸ்தலர்களிலிருந்து ஆரம்பித்தார். ராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சந்தியாகு, பிலவேந்திரன். ஒவ்வொரு பெயரையும் எடுத்து முன்னால் ஒரு ‘வாய்யா’வை வைத்துச் சொல்லிப் பார்த்தார். வாய்யா ராயப்பா. இல்லை. வாய்யா அருளப்பா. அது கொஞ்சம் நெருங்கி வந்தது, நெருங்கி வந்து பார்த்தால் அருளப்பன் என்பது தன்னோடு குருமடத்தில் படித்துப் பாதியில் ஓடிப்போன பையன். பெயரை விட்டுவிட்டு, அந்தப் பெயர் தனக்கு எப்படிக் கிடைத்தது என்று அந்த வழியாகப் போய்ப் பிடிக்கலாம் என்று தோன்றியது. அது நன்றாக ஞாபகம் இருந்தது. குருமடத்தில் சாப்பாட்டறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சதுரச் சன்னல், தட்டு அது வழியாகத்தான் வரும். சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது, ஒருத்தன் மேடையில் நின்று புனிதர் சரித்திரம் வாசிப்பான், சன்னலில் தட்டைத் தள்ளுகிற ரெண்டு கை மட்டும் தெரியும். வருஷக்கணக்கில் ஞானாதிக்கத்துக்கு அந்தக் கையைத்தான் தெரியும். பிறகு மஞ்சள் காமாலை வந்து படுத்தார். மழைக்காலம். அடுப்படி ஆட்கள் மாடிக்கு வரக்கூடாது என்பது சட்டம், அன்று கதவைத் தள்ளிக்கொண்டு அந்தக் கை உள்ளே வந்தது, கையில் கஞ்சிச் செம்பு, கைக்குப் பின்னால் ஒரு முழு ஆள். நனைந்த சட்டை. சுட்ட அப்பளத்தை உடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அவர் பேசியது எல்லாம் இப்போதும் காதில் விழுகிறது. “உப்பு போடல சாமி, டாக்டரு போடக்கூடாதுன்னாரு. ஒரு வாய் குடிங்க.” ஞானாதிக்கம் குடித்துவிட்டு, “உன் பேரு என்னய்யா?” என்று கேட்டார். அதுவும் கேட்கிறது. அந்த ஆள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சப்பட்டு, வாயைத் திறந்து சொல்கிறார். உதடு அசைகிறது. மழைச் சத்தம். மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தார், கதவு, செம்பு, அப்பளம், உப்பு போடல சாமி, உன் பேரு என்னய்யா, துண்டு, உதடு, மழை. நாலைந்து தடவை அந்தக் கஞ்சியைக் குடித்துப் பார்த்துவிட்டார். மழை விடுவதாக இல்லை.

குசினியிலிருந்து கறி தாளிக்கிற வாசனை வந்தது. வழியனுப்பு விருந்தைப் போகிறவரே சமைத்துக்கொண்டிருந்தார், வேறு யார் சமைப்பது, அந்த வீட்டில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. ஞானாதிக்கம் எழுந்து சுவரைப் பிடித்து நடந்தார். நேரே கேட்டுவிடலாம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கேட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. “என்னத்துக்கு சாமி நடந்து வந்தீக? ஒரு குரல் குடுத்தா வரமாட்டேனா?” என்று அவர் முக்காலியைத் துடைத்துப் போட்டார். குரல் கொடுத்தால். எதைச் சொல்லிக் கொடுப்பது. “சும்மாதான்யா. வெந்நீர்.” வெந்நீர் வந்தது. பிறகு ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தது. “பக்குவம் சரியா இருக்கா பாருங்க. கை நிதானம் இல்ல இன்னைக்கி, உப்பு கூடப் போட்டிருப்பனோன்னு இருக்கு.” உப்பு சரியாகத்தான் இருந்தது, சரியாக இருக்கிறது என்றார். அடுப்பைத் தணித்துவிட்டு அந்த ஆள் பக்கத்தில் நின்று, மேடையை ஒரு தடவை துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “மக வீட்ல எல்லாரும் நல்லாத்தான் சாமி வச்சுக்குவாக. பேரன் தாத்தாம்பான், மருமகன் மாமாம்பாரு, மக அப்பாம்பா. பேரு சொல்லிக் கூப்டுறதுக்கு யாரு இருக்கா? இங்கயும் நீங்க ஒராளுதான் கூப்டீக. எங்கம்மா செத்ததுக்கப்பறம் என்னயப் பேரு சொன்னது நீங்கதான்.” ஞானாதிக்கத்தின் கையில் கிண்ணம் கனத்தது. கேட்க வந்ததை இனிக் கேட்க முடியாது. இந்த ஆளுக்குத் தெரியுமோ, கொஞ்ச மாதமாகக் கூப்பிடவில்லை என்று கவனித்திருப்பாரோ, கவனித்துத்தான் சொல்கிறாரோ, இல்லை, சும்மா மனசில் பட்டதைச் சொல்கிறாரோ. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் இஞ்சி நசுக்கப் போய்விட்டார். ஞானாதிக்கம் வெந்நீரை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார், அழுகை வந்தது, இந்த வயதில் எதற்கெடுத்தாலும் வந்துவிடுகிறது.

அறையில் முகம் கழுவி, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, பித்தான் போடும்போது ஒரு வழி அகப்பட்டது. அகப்பட்டதும் மனசு லேசானது. பெயரே வேண்டாம். கோக்வுஸில் ஆரம்பித்துக் கப்பல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கடைசியில் குசினியில் வந்து இறக்கிவிட்டால் எல்லோரும் கை தட்டுவார்கள். மூளை எவ்வளவு தெளிவாக இருக்கிறது பார் என்று ஆல்வினும் நினைத்துக்கொள்வான். ஒரே கல்யாணச் சாப்பாட்டில் ரெண்டு பந்தி. வகுப்பில் அத்தனை வருஷம் நடத்திய பாடம், தடுக்கி விழ இடமே இல்லை. பித்தானைப் போட்டு முடித்துக் கண்ணாடியில் பார்த்தார். பரவாயில்லை, ஆள் இன்னும் வாத்தியார் மாதிரிதான் இருந்தார்.

மணி அடித்தது, மேசைக்குப் போனார்கள். கறிக்குழம்பு, அப்பளம், பாயாசம், எல்லாம் மூடி வைத்திருந்தது. ஆல்வின் ஒரு ஜரிகைத் துண்டை எடுத்து, “நம்ம அண்ணன் இத்தனை வருஷமா நமக்காக உழைச்சிருக்காரு” என்று சொல்லிப் போர்த்தினான். போர்த்திக்கொண்டவர் அடுப்படி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஞானாதிக்கம் எழுந்தார். கோக்வுஸ் என்று ஆரம்பித்தார், குரல் நன்றாகவே இருந்தது. இத்தாலிக்குப் போனார், ஜெர்மனிக்குப் போனார். யாழ்ப்பாணத்துக் கோக்கிக்கு மதலைமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். டிகாஷனுக்கு ஆல்வின் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, “அப்படியா ஃபாதர்?” என்றான். கொஸீஞாவிலிருந்து குசினிக்கு வந்து சேர்ந்தார். இனி ‘நன்றி’ என்று சொல்லிவிட்டு உட்காரவேண்டியதுதான். நன்றி சொல்வதற்காக வாசல் பக்கம் திரும்பினார். நிலையைப் பிடித்த கை தெரிந்தது. அந்த ஆள் இத்தாலியையும் கேட்கவில்லை, ஜெர்மனியையும் கேட்கவில்லை. தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, இதோ இப்போது வரும் என்று, ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஞானாதிக்கத்துக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. “இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார். “இவரு பேருதான் மறந்துபோச்சு. காலையில இருந்து தேடுறேன், கிடைக்கல. எனக்கு மறதி வந்துருச்சு, ஆல்வினுக்கு அது தெரியும். எனக்குத் தெரிஞ்ச பேருதான், நான் கூப்பிட்ட பேருதான்.” ஆல்வின் எடுத்துக் கொடுக்கலாம் என்று அவசரமாக வாயைத் திறந்தான். திறந்த வாயில் அவனுக்கும் ஒன்றும் இல்லை. மதலைமுத்துவைப் பார்த்தான், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீயே சொல்லுய்யா” என்றார் ஞானாதிக்கம். “இவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு.”

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். போர்த்திய துண்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார். “எஸ்தாக்கி, சாமி” என்றார். அது போதாது என்று பட்டதோ என்னவோ, “ஆ. எஸ்தாக்கி. எங்கப்பா ஆரோக்கியம். சருகணிப் பக்கம்” என்றார். சத்தமாக ஒரு புனிதர் பெயரைக் கேட்டதும் உபகாரம் சாமி கண்ணைத் திறக்காமலேயே, புனிதர்களின் மன்றாட்டுமாலையில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் சொல்கிற பழக்கத்தில், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. கேலிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, மதலைமுத்துகூட அதை விட்டுவிட்டார். ஞானாதிக்கம் உட்கார்ந்தார். ஆல்வின் தன்னைப் பார்ப்பது தெரிந்தது, இரக்கத்தோடுதான் பார்த்தான், அந்த இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்தது. சரி, போவோம், அங்கேயும் ஒரு சன்னல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். “சோறு ஆறுது, சாப்பிடுங்க” என்று எஸ்தாக்கி உள்ளே வந்து குழம்பை ஊற்ற ஆரம்பித்தார். வாய்யா எஸ்தாக்கி, என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார் ஞானாதிக்கம். சரியாகப் பொருந்தியது. ரசத்துக்கு வரும்போதும் இருந்தது. பாயாசம் வந்தபோது டம்ளரை நீட்டி, “போதும்” என்று சொல்லி, அதற்குப் பின்னால் சொல்ல நினைத்ததைத் தேடினார். அது இல்லை. மழைச் சத்தம்தான் இருந்தது. அவர் பயப்படவில்லை. பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து, மெதுவாக, “அவரு பேரு என்னய்யா?” என்று கேட்டார்.

“எஸ்தாக்கிய்யா” என்றார் மதலைமுத்து, வாய் நிறையப் பாயாசத்தோடு.